மீன் நீந்திப் போய்விடாது, தண்ணீரை மெல்ல இறக்குங்கள்

மறுபடியும் அதே காட்சி. அணைக்குக் கீழே கூழாங்கல் திட்டில் மீன்குஞ்சுகள் செத்துக் கிடக்கின்றன. உடனே “யாரோ விஷம் கலந்துவிட்டார்கள்” என்ற பேச்சு. தண்ணீர் மாதிரியை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓட்டம். முதலில் புரட்ட வேண்டியது மின்நிலையத்தின் முந்தைய நாள் இயக்கப் பதிவேட்டை. டர்பைனை நிறுத்திய நேரமும் திட்டு வெளியே தெரிந்த நேரமும் ஒத்துப்போனால், குற்றவாளி விஷம் இல்லை; டர்பைன் நின்றதும் ஆற்றில் சட்டென்று இறங்கிய தண்ணீர்தான்.

இதைச் சொன்னதும் தவறாமல் ஒரு கேள்வி வரும்: “தண்ணீர் இறங்கினால் மீன் ஆழத்துக்குப் போய்விடாதா?” பெரிய மீன் போகும். குஞ்சு போகாது! மூன்று, நான்கு சென்டிமீட்டர் குஞ்சுக்கு நடு ஆற்றின் இழுப்பில் நிற்கத் தெம்பு கிடையாது. அதை விழுங்கும் மீனும் அங்கேதான் இருக்கிறது. கணுக்கால் ஆழமுள்ள கரையோரம்தான் அதன் இடம். மிரண்டால் பல குஞ்சுகள் ஓடுவதில்லை, கல்லிடுக்கில் புகுந்துகொள்ளும். குளிர்ந்த நீரில் சால்மன், டிரவுட் குஞ்சுகள் பகல் முழுக்கக் கல்லடியிலேயே கிடக்கும். மேலே தண்ணீர் வடிவது அவற்றுக்குத் தெரிவதற்குள் காரியம் முடிந்துவிடும். பள்ளத்தில் தேங்கிய குட்டையில் சிக்கியவை வெயிலுக்கும் கொக்குக்கும்.

கணக்காகவும் பாருங்கள். 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவான கரையில், நீர்மட்டம் வெறும் 30 செ.மீ. குறைந்தால் 15 மீட்டர் அகலம் காய்ந்துவிடும். அது அரை மணியில் நடந்தால் எந்தக் குஞ்சு தப்பும்?

அடுத்த சமாளிப்பு, “சராசரி சரியாகத்தான் இருக்கிறது” என்பது. 18 மணி நேரம் 100 கனஅடி, 6 மணி நேரம் 2,500 கனஅடி விட்டாலும் நாள் சராசரி 700 கனஅடிதான். அந்த 700 ஆற்றில் ஒரு நிமிடம்கூட நிலைத்து ஓடியிருக்காது. தினசரி அறிக்கையை மூடி வையுங்கள். 15 நிமிடப் பதிவைக் கேளுங்கள். அதுவும் மின்நிலையத்துக்கு அருகிலுள்ள அளவுகோலில் எடுத்ததாக இருக்கட்டும். பல கிலோமீட்டர் தள்ளிப் பாலத்தடியில் அளந்தால் ஏற்ற இறக்கம் மழுங்கிப்போய் எல்லாம் சாதுவாகத் தெரியும். (சில அறிக்கைகளில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த ‘சாமர்த்தியம்’ நன்றாகவே தெரிகிறது.)

முட்டையின் கதை வேறு. கற்களுக்குள் புதைந்த சால்மன் முட்டை, ஈரம் இருந்தால் தண்ணீர் வடிந்த பிறகும் பல நாள் தாங்கும். பொரித்துவிட்டாலோ செவுளால் மூச்சுவிட வேண்டும். சில மணி நேரத்தில் சாகும். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில், அணைக்குக் கீழே சால்மன் முட்டையிடும் வெர்னிட்டா பார் பகுதிக்கு 1988இல் செய்துகொண்ட ஒப்பந்தம் இதைப் புரிந்து எழுதியது. சால்மன் கூடு போடும் பருவத்தில் பகல் ஓட்டத்தைக் குறைத்து, மேட்டில் கூடு போடாமல் பார்த்துக்கொள்வார்கள். பின்பு குஞ்சு வெளிவரும்வரை கூடுகள் மூழ்கியிருக்கும் அளவுக்குக் கீழே விடமாட்டார்கள். மின்சாரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நீர்த்தேக்கத்துக்குள்ளும் கதை இதுவே: கெண்டை கரையோரச் செடிகளில் முட்டை ஒட்டும் நாட்களில் மட்டத்தை இறக்கினால் அந்த ஈடு போச்சு.

அணையின் அடியிலிருந்து விடும் நீரின் குளிர்ச்சியும் ஆக்சிஜன் குறைவும் தனிக் கட்டுரைக்கானவை. அமெரிக்காவின் ஃப்ளேமிங் கார்ஜ் அணையில் வெவ்வேறு ஆழத்திலிருந்து நீர் எடுக்கும் அமைப்பை 1978லேயே பொருத்திவிட்டார்கள் என்பதோடு நிறுத்துகிறேன்.

மின்நிலையத்தில் ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு: ஏற்றுவதைவிட இறக்குவதில் நிதானம் வேண்டும். நார்வேயில் டிரவுட் குஞ்சுகளை வைத்துச் செய்த சோதனைகளில், மட்டம் மணிக்கு 10 செ.மீ.க்கும் மெதுவாக இறங்கியபோது சிக்கியவை வெகுவாகக் குறைந்தன. அதே எண் உங்கள் ஆற்றுக்கும் பொருந்தும் என்றில்லை; உங்கள் மீனையும் கரைச் சரிவையும் பார்த்து வரம்பு வையுங்கள். பல யூனிட் (டர்பைன்) இருந்தால் ஒரே நேரத்தில் நிறுத்தாதீர்கள், இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக. கடைசி யூனிட்டில்தான் அதிக எச்சரிக்கை, ஏனென்றால் ஓட்டம் குறைவாக இருக்கும்போதுதான் திட்டுகள் வெளிவருகின்றன. டர்பைன் டிரிப் ஆனால், அதாவது தானாகவே திடீரென நின்றுவிட்டால், நீரைத் தொடர்ந்து விடும் பைபாஸ் வால்வு இருக்கிறதா? இருந்தால் அது கடைசியாக எப்போது திறந்து பார்க்கப்பட்டது? துருப்பிடித்த வால்வு வரைபடத்தில் மட்டும்தான் வேலை செய்யும்.

நிறுத்திய ஒரு மணி நேரத்துக்குள் ஒருவரைத் திட்டுக்கு அனுப்புங்கள், தயவுசெய்து. விடிந்தபின் போனால் பறவைகள் தடயத்தைத் தின்றுவிட்டிருக்கும். மேலே கிடப்பதை மட்டும் எண்ணிவிட்டு “சேதம் குறைவு” என்று எழுதவும் வேண்டாம். கற்களைப் புரட்டச் சொல்லுங்கள்.