டிரேடு முடிந்த மறுநாள் பெஞ்சில் என்ன நடக்கிறது?

பிப்ரவரி முதல் பாதியில் வரும் ஒரு வியாழக்கிழமை, அமெரிக்கக் கிழக்குக் கரையில் பிற்பகல் 3 மணி அடித்ததும் என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான, அதாவது டிரேடு செய்வதற்கான, கெடு முடிகிறது. கிருஷ்ணகிரியில் அப்போது நள்ளிரவு தாண்டி 1.30. அந்த நேரத்துக்கும் தூங்காமல் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருக்கும் கூடைப்பந்துப் பைத்தியங்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். விடிந்ததும் வாட்ஸ்ஆப் குழுவில் சண்டை ஆரம்பம். சண்டை முழுக்கப் பெரிய பெயர்களைச் சுற்றித்தான். ஆனால் ஒரு டிரேடு அணியை எந்த இடத்தில் அசைத்தது என்று தெரிய வேண்டுமானால் செய்தியின் கடைசி வரிக்குப் போக வேண்டும். 'இவருடன் மேலும் இருவர்' என்று போகிற போக்கில் சேர்த்திருப்பார்களே, பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஆடுகிறவர்கள், அவர்கள் போன இடத்தில்தான் கணக்கு இடிக்கும்.

கணக்கு என்று சும்மா சொல்லவில்லை. என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம், களத்தில் எப்போதும் 5 பேர். ஆக, ஒரு கோச் பங்கிட்டுத் தர வேண்டியது 240 நிமிடம். முதலில் இறங்கும் ஐவரும் ஆளுக்கு 34 நிமிடம் ஆடினால் 170 போய்விட்டது. மீதி 70தான் பெஞ்சுக்கு. ஒப்பந்தத்தில் 15 பேர் இருந்தாலும் அந்த 70 நிமிடத்தைப் பெரும்பாலும் நான்கைந்து பேரே பங்குபோட்டுக்கொள்வார்கள். இப்போது ஆளுக்கு 24 நிமிடம் ஆடிய இரண்டு பேரைக் கொடுத்துவிட்டு, 36 நிமிடம் ஆடக்கூடிய ஒரு ஸ்டாரை வாங்குகிறது அணி. போனது 48 நிமிடம், வந்தது 36. மிச்சம் 12 நிமிடத்தை ஆடப்போவது யார்? அதுவரை ட்ராக் சூட்டைக் கழற்றவே வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த பதினோராவது ஆள். 36 நிமிடத்துக்குத் தரம் ஏறுகிறது, 12 நிமிடத்துக்கு இறங்குகிறது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் ஸ்டாரை வாங்கிய அணிக்கு வழக்கமாக லாபம்தான் வரும், அதனால்தான் வாங்குகிறார்கள். சிக்கல் இந்தக் கழித்தலில் வராத ஒன்றில் இருக்கிறது.

10 பேர் மாறி மாறி ஆடும் ஒரு அணியை எடுத்துக்கொள்வோம். அவர்களிலிருந்து ஐவர் கூட்டணியை 252 விதமாக அமைக்கலாம். குறிப்பிட்ட ஒரு வீரர் இருக்கும் கூட்டணிகள் மட்டும் 126. அவர் ஒருவர் போனாலே சரிபாதி போயிற்று. இரண்டு பேர் போனால் 252இல் மிஞ்சுவது 56. பத்தில் இரண்டு பேர்தானே என்று நமக்குத் தோன்றும். பழகிய கூட்டணிகளில் 78 சதவீதம் காலி என்கிறது எண்ணிக்கை. நிஜத்தில் எந்தக் கோச்சும் 252ஐயும் களத்தில் இறக்க மாட்டார், நம்பகமான பத்துப் பதினைந்தோடு சீசனை ஓட்டிவிடுவார். ஆனால் அதிலும் முதலில் இறங்கும் ஸ்டார்ட்டர்கள் மட்டுமே உள்ள கூட்டணி ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் பெஞ்ச் கலந்தது.

நம் பக்கத்து நிலவரத்தில் இது இன்னும் கொடுமை. கிருஷ்ணகிரியில் சாயங்காலம் சிமெண்ட் கோர்ட்டில் ஆடும் டீமுக்கு எட்டுப் பேர் தேறினாலே பெரிது. எட்டுப் பேருக்கு 56 கூட்டணி. ஒருவனுக்கு ஓசூர் கம்பெனியில் வேலை கிடைத்து ஷிப்டுக்குப் போய்விட்டால் மிச்சம் 21. டோர்னமெண்ட் நடுவில் இப்படி ஆள் கழன்றுபோவது இங்கே அடிக்கடி நடக்கிற கதை. அப்படிப் போன ஒருவனுக்குப் பதிலாகத் தருமபுரியிலிருந்து ஒரு கல்லூரிப் பையனைக் கூட்டி வந்தார்கள். ஓட்டம், உயரம், ஷூட்டிங் எல்லாவற்றிலும் பழையவனைவிட மேல். ஆனால் முதல் மேட்சில் பாதி நேரம் அவன் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணா, ஸ்கிரீன் வந்தா முன்னாடி போகட்டுமா, பின்னாடி போகட்டுமா?"

பந்தோடு வருபவனை நாம் துரத்தும்போது அவனுடைய கூட்டாளி குறுக்கே வந்து அசையாமல் நின்று வழியை மறிப்பதுதான் ஸ்கிரீன். மறித்து நிற்பவனுக்கு முன்னால் உடம்பை நெருக்கிக்கொண்டு போனால் எதிராளிக்குத் தூரத்திலிருந்து ஷாட் எடுக்க இடம் கிடைக்காது. ஆனால் நாம் ஒரு அடி பின்தங்குவோம், அவன் கூடையை நோக்கிப் பாயலாம். பின்னால் சுற்றிப் போனால் அந்தப் பாய்ச்சலை அடைக்கலாம், ஷாட்டுக்கு இடம் விட்டுவிடுவோம். எதிராளி ஷூட்டரா என்பதை வைத்து மட்டும் இதை முடிவு செய்ய முடியாது. பின்னால் நிற்கும் நம்முடைய உயரமான ஆள் முன்னேறி வந்து தடுப்பாரா, கூடையை விட்டு நகரமாட்டாரா என்பதும் தெரிய வேண்டும். பழைய ஐவருக்குள் இதற்குப் பேச்சே தேவைப்படவில்லை, தோளசைவு போதும். இப்போது டீமின் மூத்தவர் கத்த வேண்டியதாகிவிட்டது: "தம்பி, ஏழாம் நம்பர் ஷூட்டர்டா, முன்னாடி போ!" அவர் கத்தி முடிப்பதற்குள் பந்து வலையில்.

என்.பி.ஏ.வில் நடப்பதும் இதேதான். வேகம் அதிகம், ஏற்பாடுகள் அதிகம், ஒரே ஏற்பாட்டுக்கு அணிக்கு அணி வேறு பெயர். புதிதாக வந்தவர் தன் பழைய அணியின் பெயரை மறந்து புதியதைக் காதில் வாங்கி, காலை நகர்த்துவதற்குள் அரை வினாடி கழிந்துவிடும். சொல்லிக்கொடுக்க நாளும் இல்லை. 82 ஆட்டங்கள், பெரும்பாலும் ஒன்றுவிட்டு ஒரு நாள் மேட்ச், நடுவில் விமானப் பயணம். ஸ்டாருக்காக அணி தன் ஆட்டத்தைத் திருத்திக்கொள்ளும். பெஞ்சுக்கு வந்தவருக்காக யாரும் திருத்திக்கொள்வதில்லை. ஒரு தடவைக்கு ஐந்தாறு நிமிடம் களத்தில் விடுவார்கள், அதற்குள் அவர்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

நிமிடத்தைப் போலவே பந்துக்கும் ஒரு மூடிய கணக்கு உண்டு. அணிக்குக் கிடைக்கும் வாய்ப்புகளைக் களத்திலுள்ள ஐவரும் சேர்ந்து 100 சதவீதமாகப் பிரித்துக்கொள்கிறார்கள்; சராசரி ஆளுக்கு 20. ஸ்டார் 30க்கு மேல் எடுப்பார். ஸ்டார் ஓய்வெடுக்கும்போது பெஞ்சிலிருந்து வரும் ஆறாவது ஆள் 25 எடுத்து ஆட்டத்தை நடத்துவார். இரண்டாவது ஸ்டார் வந்துவிட்டால், கோச் இருவரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்காமல் மாற்றி மாற்றி இறக்குவார். அப்போது அந்த ஆறாவது ஆளின் பங்கு 15க்கு இறங்கி, மூலையில் நின்று பாஸ் வந்தால் அடிக்க வேண்டிய வேலை வந்து சேரும். பந்தைக் கையில் வைத்துச் சமைத்துப் பழகியவருக்கு அது சுத்தமாக ஒத்துவராமல் போகலாம். அதே மூலையில் நின்று அடிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒன்பதாவது ஆளுக்கு அதுவே யோகம். இருவரும் டிரேடில் சம்பந்தப்பட்டவர்களே அல்ல.

பெஞ்ச் நன்றாகத் திருத்தி அடுக்கப்பட்ட டிரேடு எது என்று கேட்டால் 2004ஐத்தான் சொல்வேன். கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது அந்த வருடம் பிப்ரவரி 9. பத்து நாள் கழித்து, பிப்ரவரி 19 அன்று, டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி அட்லாண்டா, பாஸ்டன் இரண்டையும் சேர்த்துக்கொண்டு மும்முனை டிரேடு செய்து ரஷீத் வாலஸை வாங்கியது. எல்லோருக்கும் நினைவிருப்பது அவர் பெயர்தான். டெட்ராய்ட் கொடுத்த பட்டியலைப் பாருங்கள்: சக்கி அட்கின்ஸ், லிண்ட்சே ஹண்டர், பாப் சுரா, ஷெல்கோ ரெப்ராச்சா, கூடவே புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் உரிமைகள். ஆட்டத்தை நடத்தும் முதன்மை ஆளான சான்சி பில்லப்ஸ் உட்காரும்போது பந்தைக் கொண்டுபோகும் ஆட்களையே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் வாலஸோடு மைக் ஜேம்ஸ் என்ற கார்டும் (பந்தைக் கொண்டுபோகும் ஆட்டக்காரர்) வந்தார். பாஸ்டன் ஹண்டரை விடுவித்ததும் அவர் நேரே டெட்ராய்ட்டுக்கே திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். (டிரேடில் போய் விடுவிக்கப்பட்டவர் உடனே பழைய அணிக்குத் திரும்புவதை இன்றைய விதி அனுமதிக்காது.) கோச் லாரி பிரவுன் ஜேம்ஸையும் ஹண்டரையும் ஜோடியாக இறக்கினார். எதிரணி பந்தை உள்ளே போட்ட நொடியிலிருந்து முழுக் கோர்ட்டிலும் விரட்டுவதுதான் இருவருக்கும் வேலை. வாலஸ் வந்ததால், அதுவரை பல ஆட்டங்களில் முதல் ஐவரில் இருந்த மெஹ்மத் ஒகுர் பெஞ்சுக்கு நகர்ந்தார். ஷூட் செய்யத் தெரிந்த ஒரு உயரமான ஆள் இரண்டாம் வரிசைக்கு இனாமாகக் கிடைத்தார். ஜூனில் லேக்கர்ஸை 4-1 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்தது டெட்ராய்ட்.

பெஞ்ச் ஆட்களை ஏன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், சம்பளம். லீக் வைத்த சம்பள வரம்பைத் தாண்டிய அணிகள், வாங்கும் ஆளின் சம்பளத்துக்கு ஈடாகச் சம்பளத்தை அனுப்ப வேண்டும். ஸ்டாரின் சம்பளத்துக்கு ஈடுகட்ட நடுத்தரச் சம்பளக்காரர்கள் இரண்டு மூன்று பேரைக் கூட்டிக் கட்டுவது பழைய வழக்கம். 2023இல் வந்த ஒப்பந்தம் இதை இறுக்கிவிட்டது. 2024-25 சீசனில் சம்பளச் செலவு 17.8 கோடி டாலரைத் தாண்டிய அணி, அனுப்பும் சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகமாக வாங்க முடியாது. 18.9 கோடியையும் தாண்டினால் இரண்டு பேர் சம்பளத்தைக் கூட்டி ஒருவரை வாங்கவே முடியாது. இரண்டைக் கொடுத்து ஒன்றை வாங்கினால் ஓர் இடம் காலியாகும். 14 பேருக்குக் குறைவாக இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்பதால் 10 நாள் ஒப்பந்தத்தில் யாரையாவது எடுப்பார்கள், அல்லது வேறு அணி விடுவித்த மூத்த ஆட்டக்காரரைப் பிடிப்பார்கள். மார்ச் 1க்குள் விடுவிக்கப்பட்டவராக இருந்தால்தான் ப்ளே-ஆஃபில் ஆட முடியும்.

எல்லா நேரமும் பெஞ்ச் நீளமாக இருந்தால் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். 2022 பிப்ரவரி 10 அன்று பாஸ்டன் செல்டிக்ஸ் ஒரே நாளில் 7 பேரை அனுப்பி 2 பேரைத்தான் வாங்கியது: டெரிக் வைட், டேனியல் தைஸ். போன ஏழில் இருவர் காயத்தால் அந்த அணிக்கு ஆடவே இல்லை. மற்றவர்களில் டென்னிஸ் ஷ்ரோடர் பந்து கையில் இருந்தால்தான் பிரகாசிக்கும் கார்டு. அவர் போனதும் இளம் பேய்ட்டன் பிரிட்சர்டுக்கு நிமிடங்கள் திறந்தன. யார் மீது யாரும் மாறிக் காக்கும் பாஸ்டனின் தற்காப்பில் வைட் பெரிய பழக்கம் இல்லாமலே பொருந்தினார். ஜனவரியில் 18 வெற்றி, 21 தோல்வி என்று தடுமாறிய அணி 51-31 என்று முடித்து இறுதிப் போட்டிவரை போய், கோல்டன் ஸ்டேட்டிடம் 4-2 என்று தோற்றது. ஒன்றை மறக்கக் கூடாது: அந்த அணியின் தொடர் வெற்றி ஜனவரி கடைசியில், டிரேடுக்கு முன்பே தொடங்கிவிட்டது. மொத்தப் பெருமையையும் டிரேடுக்கு எழுதிவைப்பது பிசகு.

அப்படியானால் டிரேடின் பலனை எப்படித்தான் அளப்பது? ஒருவர் களத்தில் நின்ற நேரத்தில் அணி எத்தனை புள்ளி முந்தியது அல்லது பிந்தியது என்பது ப்ளஸ்-மைனஸ். அவரோடு நின்ற நால்வர், எதிரே நின்ற ஐவர், எல்லாருடைய பாவ புண்ணியமும் அந்த எண்ணில் கலந்திருக்கும். அதனால் புள்ளியியல்காரர்கள் ஒவ்வொரு ஆள்மாற்றத்துக்கும் இடைப்பட்ட துண்டை ஒரு சமன்பாடாக எழுதி, ஆயிரக்கணக்கான சமன்பாடுகளை ஒருசேரத் தீர்க்கிறார்கள். எப்போதும் சேர்ந்தே ஆடும் இருவர் இதில் தொல்லை: இருவரின் கூட்டுத்தொகை தெரியும், தனித்தனியாகப் பிரிக்க முடியாது. ரிட்ஜ் ரிக்ரெஷன் என்ற முறை, போதிய சான்று இல்லாத மதிப்புகளைச் சராசரியை நோக்கி இழுத்து இதை ஓரளவு சமாளிக்கிறது. இங்கே டிரேடு ஒரு உபகாரமும் செய்கிறது. ஒட்டிக்கொண்டே ஆடிய இருவரைப் பிரித்து வேறு வேறு ஊரில் விட்டால், யார் யாரைத் தாங்கிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

ஆனால் கெடுவுக்குப் பிறகு சீசனில் மிஞ்சுவது முப்பது ஆட்டம் சுமாருக்குத்தான். புதிய பெஞ்ச் ஷூட்டர் அதில் தூரத்திலிருந்து மூன்று புள்ளிக்கு எறியும் த்ரீ பாயிண்டரை 100 தடவை முயல்கிறார் என்று வையுங்கள். அவருடைய உண்மையான திறமை 36 சதவீதமாகவே இருந்தாலும், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே கூடையில் விழும் சதவீதம் 31க்கும் 41க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். சுமார் நாலில் ஒரு தடவை அதற்கும் வெளியே போகும். 41 என்றால் வாட்ஸ்ஆப் குழுவில் அவர் தெய்வம், 31 என்றால் தண்டம். ஆள் ஒரே ஆள்தான்.

2025 பிப்ரவரித் தொடக்கத்தில் லேக்கர்ஸ் அணி ஆன்டனி டேவிஸை டல்லஸுக்குக் கொடுத்து லூகா டான்சிச்சை வாங்கியபோது உலகமே அந்த இரண்டு பெயரைத்தான் பேசியது. டேவிஸோடு, தற்காப்பில் கைகொடுக்கும் மேக்ஸ் கிறிஸ்டியும் போனார். கூடையருகே நின்று ஆடும் உயரமான சென்டர் இல்லாமல் போனதால் டால்டன் கனெக்ட், கேம் ரெடிஷ் இருவரையும் கொடுத்து ஷார்லட்டிலிருந்து மார்க் வில்லியம்ஸை வாங்கப் பார்த்தார்கள். மருத்துவப் பரிசோதனையில் அவர் தேறவில்லை என்று டிரேடு ரத்தானது. மூட்டை கட்டிய இருவரும் அதே பெஞ்சுக்குத் திரும்பி வந்தார்கள். கெடு முடிந்திருந்ததால் டிரேடு வழியாகச் சென்டர் தேட வழியில்லை. ஏப்ரலில் மினசோட்டாவுக்கு எதிரான ப்ளே-ஆஃப் முதல் சுற்றின் நான்காவது ஆட்டத்தில், கோச் ஜே.ஜே. ரெடிக் இரண்டாம் பாதி முழுக்க, 24 நிமிடமும், ஒரு ஆளைக்கூட மாற்றாமல் அதே ஐவரை ஆடவிட்டார். மூன்றாவது கால்பகுதி முடிவில் 94-84 என்று முன்னிலை. கடைசிக் கால்பகுதியை 32-19 என்று விட்டுக்கொடுத்து 116-113 என்று தோற்றார்கள். அடுத்த ஆட்டத்தில் மினசோட்டாவின் சென்டர் ரூடி கோபேர் 27 புள்ளி, 24 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டிலிருந்து திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். தொடர் 4-1 என்று மினசோட்டா பக்கம் முடிந்தது.