எரிக்சன் விழுந்தபோது யாரும் சாவிக்கொத்தைத் தேடவில்லை

2021 ஜூனில் யூரோ கோப்பை கால்பந்து தொடங்கியபோது டென்மார்க் அரையிறுதி வரை போகும் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கோலில் காஸ்பர் ஷ்மைக்கேல், தடுப்பில் கேப்டன் சைமன் கியேரும் கிறிஸ்டென்சனும், நடுக்களத்தில் ஹொய்பியரும் டிலேனியும். இவர்களுக்கு முன்னால் பந்தை வாங்கி ஆட்டத்தைத் திறந்துவிடும் கிறிஸ்டியன் எரிக்சன். குரூப் ஆட்டங்கள் மூன்றும் சொந்த மண்ணான கோபன்ஹேகனில். நான் சொன்னபடி அரையிறுதிக்குப் போகவும் செய்தார்கள். ஆனால் எந்த வழியாகப் போனார்கள் என்பதை என்னால் மறக்க முடியாது.

ஜூன் 12, பின்லாந்துடன் முதல் ஆட்டம். 43-வது நிமிடத்தில், த்ரோ-இன் பந்தை வாங்க வந்த எரிக்சன் யாரும் மோதாமலே அப்படியே முன்பக்கமாகச் சரிந்தார். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவன். ஓடிக்கொண்டிருக்கும் வீரர் யாரும் இடிக்காமல் விழுந்தால் எங்களுக்கு முதலில் வரும் சந்தேகம் இதயம்தான். டிவி முன்னால் எழுந்து நின்றுவிட்டேன்.

நடுவர் ஆண்டனி டெய்லர் சில நொடிகளிலேயே மருத்துவக் குழுவை உள்ளே அழைத்தார். கியேர் ஓடிவந்து எரிக்சனின் மூச்சுப்பாதை அடைபடாமல் பார்த்துக்கொண்டார். அணியின் மருத்துவர் மார்ட்டன் போசன் வந்தபோது நாடித்துடிப்பும் மூச்சும் இருந்தன. திடீரென்று இரண்டும் நின்றன. உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள். இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவியால் ஒரே ஒரு ஷாக். இதயம் திரும்பத் துடித்தது. அத்தனை நேரமும் சக வீரர்கள் வெளிப்பக்கம் திரும்பி, வளையமாக நின்று அவரை மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கடுத்த நாட்களில் பலரும் என்னிடம் "அந்த பிளேயருக்கு மாரடைப்பாமே?" என்று கேட்டார்கள். நம் பேச்சில் எல்லாமே மாரடைப்புதான். உண்மையில் மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. பெரும்பாலும் நோயாளி நினைவோடு இருப்பார், நெஞ்சு வலிக்கிறது என்று சொல்வார். எரிக்சனுக்கு நடந்தது இதயத்துடிப்பு நின்றுபோவது. இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, ரத்தத்தை வெளியே தள்ளாமல் இதயம் வெறுமனே நடுங்கும். சில நொடிகளில் நினைவு போய்விடும். இங்கே ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க நேரம் கிடையாது. எதுவும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

சில வருடங்களுக்கு முன் டர்ஃபில் விளையாடிக்கொண்டிருந்த ஓர் இளைஞரை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "ஃபிட்ஸ் சார்" என்றார்கள் நண்பர்கள். கையில் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள், முகத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். இருபது நிமிடம் போயிருந்தது. எங்களால் அவரை மீட்க முடியவில்லை. நண்பர்கள் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது அதுதான். துடிப்பு நின்றவுடன் மூளைக்கு ரத்தம் போகாமல் கை கால் சில நொடி வெட்டி இழுக்கும். பார்ப்பவருக்கு வலிப்பு மாதிரியே தெரியும். கரையில் போட்ட மீன் வாயைத் திறப்பதுபோல் விட்டுவிட்டு வாய் திறந்து மூடும். அதைப் பார்த்து "மூச்சு இருக்கு" என்று நம்பிவிடுகிறோம். அது மூச்சே இல்லை. வலிப்பாகவே இருந்தாலும் இரும்பால் ஒரு பயனும் கிடையாது.

சரி, என்ன செய்ய வேண்டும்? தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடட்டும். இன்னொருவர் உடனே நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறுகையை அதன்மேல் கோத்து, முழங்கையை மடக்காமல் அழுத்த வேண்டும். 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விடுங்கள். வாயோடு வாய் வைத்து ஊதத் தயக்கமா, விட்டுவிடுங்கள்; அழுத்துவதை மட்டும் நிறுத்தாதீர்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், ஏனென்றால் நன்றாக அழுத்தினால் கை ஓய்ந்துவிடும். எலும்பு முறியுமோ என்ற பயம் வரும். முறிந்த விலா எலும்பு சேர்ந்துவிடும்.

ஏ.இ.டி. என்ற தானியங்கிக் கருவி இருந்தால் ஆன் செய்தாலே போதும், அடுத்து என்ன செய்வது என்று அதுவே பேசும். ஷாக் தேவையில்லாத ஆளுக்குக் கொடுக்காது. நான் போய்ப் பார்த்த டர்ஃப் மைதானங்களில் ஸ்பீக்கர், ஃப்ளட்லைட், ஜூஸ் கடை எல்லாம் இருக்கின்றன, இந்தக் கருவி மட்டும் இல்லை. புக் செய்யும்போது கேளுங்கள். பத்து பேர் கேட்டால் உரிமையாளர் யோசிப்பார்.

டென்மார்க்குக்கு வருகிறேன். அன்றிரவே ஆட்டத்தைத் தொடரச் செய்தார்கள், 0-1 என்று தோற்றார்கள். அது தவறான முடிவு என்பதே என் கருத்து. கண்ணெதிரே நண்பன் உயிர் போய்த் திரும்பியதைப் பார்த்தவர்களால் இரண்டு மணி நேரத்தில் பந்தை உதைக்க முடியாது. பெல்ஜியத்துடன் 1-2. எரிக்சனின் எண் 10 என்பதால் பத்தாவது நிமிடத்தில் இரு அணிகளும் ஆட்டத்தை நிறுத்திக் கைதட்டின. பிறகு அவர் இடத்தில் இறங்கிய 20 வயது டாம்ஸ்கார்ட் ரஷ்யாவுக்கு எதிராகத் தூரத்திலிருந்து ஒரு கோல் வளைத்து அடித்தார், ஆட்டம் 4-1. வேல்ஸுடன் 4-0, செக் குடியரசுடன் 2-1. வெம்ப்லியில் இங்கிலாந்திடம் கூடுதல் நேரத்தில்தான் தோற்றார்கள்.

எல்லா அணிக்கும் இப்படி அமையவில்லை. 2003 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதியில் விழுந்த கேமரூனின் மார்க்-விவியன் ஃபோவைக் காப்பாற்ற முடியவில்லை. அவருக்கு 28 வயது. பிரேதப் பரிசோதனையில்தான் இதயத் தசை தடித்திருந்தது தெரிந்தது. விளையாடும்போது மயங்கி விழுந்த பையனையும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நடந்திருக்கும் பையனையும் ஈசிஜி, எக்கோ பார்க்காமல் களத்தில் இறக்காதீர்கள்.

பயிற்சி வகுப்பில் பொம்மையின் நெஞ்சை அழுத்தி வியர்த்துப்போன பசங்க கடைசியில் தவறாமல் கேட்பது: "அப்புறம் எரிக்சன் விளையாடினாரா சார்?" நெஞ்சில் ஒரு சிறு டிஃபிப்ரிலேட்டர் பொருத்தினார்கள். அதோடு ஆட இத்தாலிய விதிகள் இடம் தராததால் தான் ஆடிவந்த இத்தாலிய கிளப் இன்டர் மிலானை விட்டு இங்கிலாந்து கிளப் பிரென்ட்ஃபோர்டுக்குப் போனார். 2022 மார்ச்சில் நாட்டுக்காகத் திரும்ப இறங்கி சில நிமிடங்களிலேயே கோல் அடித்தார். 2024 ஜூன் 16, ஸ்டுட்கார்ட், அடுத்த யூரோவின் முதல் ஆட்டம், எதிரில் ஸ்லோவேனியா. 17-வது நிமிடத்தில் டென்மார்க்கின் கோலை அடித்தவர் எரிக்சன். விழுந்த நாளிலிருந்து அது 1,100-வது நாள்.