ரெய்ட் ரீட் வேகம்: எண்ணை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

லினக்ஸில் எம்டி ரெய்ட் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் மென்பொருள் அமைப்பு) வைத்து சர்வர் நடத்துபவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: நாலு டிஸ்க் போட்டும் ரீட் வேகம் ஏறவில்லை. அதற்குள் எங்கோ பார்த்த ரீட்-அஹெட் எண்ணையும் (கேட்பதற்கு முன்பே எவ்வளவு டேட்டாவைப் படித்து வைப்பது என்ற அளவு) போட்டுவிட்டிருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டைப் பாருங்கள். பின்னால் ரீசிங்க் (டிஸ்க்குகளை மீண்டும் ஒத்திசைக்கும் வேலை) ஓடிக்கொண்டிருந்தால் இப்போது அளப்பதே வீண். அப்புறம் ஒவ்வொரு டிஸ்க்கின் வேலைச்சுமையையும் காட்டும் ஐஓஸ்டாட். மற்ற டிஸ்க்குகளெல்லாம் சும்மா இருக்க ஒன்றில் மட்டும் காத்திருப்பு நேரம் ஏறி நிற்கிறதென்றால், அதன் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் ஆரோக்கியம் பற்றித் தானே பதிந்துவைக்கும் குறிப்பு) பார்த்துவிட்டு உடனே பேக்கப் எடுங்கள், ட்யூனிங்கை அப்புறம் பார்க்கலாம்.

ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் வைக்கும் ரெய்ட் 1 பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ஒரே ப்ராசஸ் ஒரு பெரிய ஃபைலை வரிசையாகப் படித்தால் இரட்டை வேகம் வராது. பல ப்ராசஸ்கள் ஒரே நேரத்தில் படிக்கும்போதுதான் வேலை இரண்டு டிஸ்க்குக்கும் பிரியும். வரிசையாகப் படிப்பதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால் ரெய்ட் 10-இன் ஃபார் லேஅவுட்டை (பிரதிகளை டிஸ்க்கில் தள்ளி வேறு பகுதியில் வைக்கும் முறை) யோசியுங்கள், இரண்டே டிஸ்க்கிலும் அமைக்கலாம், ஆனால் சுழலும் டிஸ்க்கில் எழுதும் வேகம் கொஞ்சம் அடிவாங்கும்.

இனி ரீட்-அஹெட். பிளாக்டெவ் கட்டளையில் தரும் எண் 512 பைட் செக்டார் கணக்கு, அதாவது 4096 என்றால் 2 எம்பி. வீடியோ, பேக்கப் போன்ற பெரிய ஃபைல்களுக்கு இதைக் கூட்டினால் பலன் நன்றாகவே தெரியும். ஆனால் மெமரி மேப் செய்து (ஃபைலை நேரடியாக மெமரியோடு இணைத்து) அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கும் டேட்டாபேஸில் இதே எண் கெடுதல்தான். கேட்டது 4 கேபி, டிஸ்க் படிப்பதோ அதைப்போல் பல மடங்கு, வேண்டாத டேட்டா பேஜ் கேஷை (படித்த டேட்டாவை லினக்ஸ் மெமரியில் வைக்கும் இடம்) அடைத்துக்கொள்ளும்.

மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லையா? ரெய்டுக்கு மேல் எல்விஎம் (டிஸ்க் இடத்தை லாஜிக்கல் வால்யூம்களாகப் பிரிக்கும் அடுக்கு) இருந்தால் லாஜிக்கல் வால்யூமுக்குத் தனி ரீட்-அஹெட் உண்டு, அதைத்தான் மாற்ற வேண்டும். ஏற்கெனவே திறந்திருக்கும் ஃபைல்கள் பழைய அளவிலேயே ஓடும், சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மெஷினை ரீபூட் செய்தால் எண் பழையபடி ஆகிவிடும் என்பதால் யுடெவ் (பூட் ஆகும்போது சாதன அமைப்புகளைப் போடும் லினக்ஸ் கருவி) விதியில் எழுதிவையுங்கள்.

டிஸ்க் வேகம் அளக்கும் எஃப்ஐஓவில் டைரக்ட் மோடில் சோதித்தால் ரீட்-அஹெட்டின் வித்தியாசம் தெரியவே தெரியாது, ஏனென்றால் அந்த மோட் பேஜ் கேஷைத் தொடுவதில்லை. சாதாரண மோடில், ஒவ்வொரு முறையும் கேஷைக் காலி செய்துவிட்டு அளங்கள். சிலர் ஸ்ட்ரைப் கேஷைக் (ரெய்ட் தன் வேலைக்கு ஒதுக்கிவைக்கும் மெமரி) கூட்டச் சொல்வார்கள். அது ரெய்ட் 5, 6-இல் முக்கியமாக எழுதுவதற்கு உதவுவது, ரீட் பிரச்சினைக்கு அதைத் தொட வேண்டியதில்லை.