உங்கள் கடவுச்சொல் அந்தத் தளத்துக்கே தெரியக் கூடாது

ஒரு இணையதளத்தில் ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்’ என்று கொடுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். புதிதாக ஒன்றை அமைத்துக்கொள்ள மின்னஞ்சலில் ஒரு இணைப்பு வரும். இல்லையென்றால், நீங்கள் முன்பு வைத்திருந்த கடவுச்சொல்லே எழுத்து மாறாமல் வந்து சேரும். இரண்டாவது வசதியாகத்தான் தோன்றும். ஆனால் அப்படி அனுப்பும் தளத்தை நம்பவே நம்பாதீர்கள். அவர்களால் அதை உங்களுக்குத் திருப்பிச் சொல்ல முடிகிறது என்றால், அவர்களுடைய கணினிக்குள் நுழையும் திருடனாலும் அதைப் படிக்க முடியும். ஒழுங்காகக் கட்டப்பட்ட தளத்துக்கு உங்கள் கடவுச்சொல் என்னவென்றே தெரியாது.

தெரியாமல் எப்படிச் சரிபார்க்கிறார்கள்? அதற்குத்தான் ஹாஷ் என்ற கணக்கு. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அது குறிப்பிட்ட நீளமுள்ள ஒரு எழுத்துக்கோவையாக மாற்றித் தரும். ஷா-1 என்ற பழைய ஹாஷ் முறையில் அந்த நீளம் 40. அதே சொல்லைக் கொடுத்தால் எப்போதும் அதே கோவைதான் வரும். ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் முழுக்க வேறொன்று வரும். முக்கியமான விஷயம், பின்னோக்கிப் போக வழியில்லை. அரைத்த மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது அல்லவா, அதுபோல. தளம் சேமித்து வைப்பது அந்த மாவை மட்டும்தான். அடுத்த முறை நீங்கள் உள்ளே நுழையும்போது, தட்டச்சு செய்ததை மறுபடி அரைத்து, இரண்டும் ஒன்றா என்று பார்க்கிறது. உங்கள் சொல் அந்தக் கணத்தில் அதன் நினைவகத்தைக் கடந்து போகும், அவ்வளவுதான்.

இந்த யோசனைக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல். 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பலர் பகிர்ந்து பயன்படுத்திய சி.டி.எஸ்.எஸ். என்ற கணினி அமைப்பு இருந்தது. ஒருநாள் ஒரு நிர்வாகி கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில், இன்னொருவர் உள்ளே நுழைவோருக்கெல்லாம் அச்சாகும் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். மென்பொருள் பிழையால் இரண்டு தற்காலிகக் கோப்புகளும் இடம் மாறிவிட்டன. உள்ளே நுழைந்த ஒவ்வொருவருடைய முனையத்திலும் எல்லோருடைய கடவுச்சொல்லும் அச்சாகி வந்தது! பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் 1979இல் எழுதிய கட்டுரையில் இதைக் குறிப்பிடுகிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. கோப்பில் மூலச்சொற்கள், அதாவது ஹாஷ் செய்யாத கடவுச்சொற்கள், அப்படியே இருந்ததுதான் கோளாறு.

அதே கட்டுரையில் அவர்கள் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 86 சதவீதம் மிகக் குறுகியவை, அல்லது அகராதியிலும் பெயர்ப் பட்டியல்களிலும் கிடைப்பவை. நாம் இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அங்கே ஹாஷ் எதுவும் இல்லை, எல்லாம் மூலச்சொல்லாகவே கிடந்தன. அதிகம் பேர் வைத்திருந்தது 123456. கிட்டத்தட்ட 2 லட்சத்து 90 ஆயிரம் பேர். அந்தப் பட்டியலை இன்றும் திருடர்கள் பயன்படுத்துகிறார்கள்.

ஹாஷிலிருந்து பின்னோக்கிப் போக முடியாது என்றேன். ஆனால் முன்னோக்கிப் போகலாம். திருடன் ராக்யூ பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் ஹாஷ் செய்து, திருடிய கோப்பில் அது இருக்கிறதா என்று பார்ப்பான். பொருந்தினால் சொல் கிடைத்துவிட்டது. இதில் அவனுக்கு இன்னொரு லாபம்: ஒரே சொல்லை ஆயிரம் பேர் வைத்திருந்தால் ஆயிரம் பேருக்கும் ஒரே ஹாஷ்தான், ஒரு முறை கண்டுபிடித்தால் ஆயிரம் கணக்குகள் திறக்கும். இதைத் தடுக்க, ஒவ்வொரு பயனரின் கடவுச்சொல்லோடும் வெவ்வேறான, தற்செயலான சில எழுத்துகளைச் சேர்த்துவிட்டு அதன் பிறகே ஹாஷ் செய்வார்கள். அப்போது ஒரே சொல்லுக்கும் ஆளுக்கொரு ஹாஷ் வரும். இதற்கு சால்ட் என்று பெயர், மாரிஸும் தாம்ப்சனும் 1979இலேயே விளக்கிவிட்டார்கள். இருந்தும் 2012இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து ஹாஷ்கள் வெளியே வந்தபோது அவற்றில் சால்ட் இல்லை. முதலில் 65 லட்சம் என்றார்கள். 2016இல்தான் அது 11 கோடியே 70 லட்சம் கணக்குகள் என்று தெரிந்தது.

சால்ட் சேர்த்தால் மட்டும் போதாது, வேகமும் பிரச்சினை. எம்டி5, ஷா-1 போன்ற ஹாஷ் முறைகள் பெரிய கோப்புகளை நொடியில் சரிபார்க்க உருவானவை, அதனால் அதிவேகமானவை. விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் உயர்ரக கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று நொடிக்கு 10,000 கோடிக்கும் மேல் எம்டி5 கணக்குகளைப் போடும். எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளால் ஆகக்கூடிய கடவுச்சொற்கள் மொத்தம் சுமார் 20,882 கோடி. அத்தனையையும் முயன்று பார்க்க இரண்டு நொடி போதும். ஆகவே வேண்டுமென்றே மெதுவாக ஓடும் ஹாஷ்களை உருவாக்கினார்கள். நீல்ஸ் ப்ரோவோஸும் டேவிட் மாஸியேரும் 1999இல் வெளியிட்ட பிகிரிப்ட் அப்படிப்பட்டது. எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும் என்பதைத் தளத்தின் நிர்வாகியே கூட்டிக்கொள்ளலாம். இன்று வழக்கமான அமைப்பில் அதே அட்டை நொடிக்குச் சில ஆயிரம் முயற்சிகள்தான் செய்ய முடியும். இரண்டு நொடி வேலை வருடக்கணக்கில் இழுக்கும். உள்ளே நுழையும் உங்களுக்கோ கால் நொடி தாமதம்கூடத் தெரியாது.

சரி, இதில் நமக்கு என்ன? சிக்கல் இங்கேதான். உங்கள் தளம் பிகிரிப்ட் பயன்படுத்துகிறதா, சால்ட் இல்லாத ஷா-1 வைத்திருக்கிறதா, மூலச்சொல்லாகவே எழுதி வைத்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. எவ்வளவு சிரமப்பட்டு யோசித்த கடவுச்சொல்லாக இருந்தாலும், அதை ஐந்து தளங்களில் கொடுத்தால் அந்த ஐந்தில் மிக மோசமாகக் கட்டப்பட்ட தளம் எதுவோ, அதன் அளவுக்குத்தான் பாதுகாப்பு. ஆச்சரியக்குறி சேர்ப்பதையும் ‘a’வுக்குப் பதில் ‘@’ போடுவதையும் விட, ஒன்றை இரண்டு இடத்தில் பயன்படுத்தாமல் இருப்பது பல மடங்கு முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

23அண்ட்மீ என்ற மரபணுப் பரிசோதனை நிறுவனத்துக்கு 2023இல் நடந்ததைப் பாருங்கள். வேறு தளங்களிலிருந்து ஏற்கெனவே கசிந்திருந்த கடவுச்சொற்களை இங்கே போட்டுப் பார்த்தார்கள். சுமார் 14,000 கணக்குகள் திறந்தன. உறவினரைக் கண்டறியும் வசதி அங்கே இருந்ததால், அந்தக் கணக்குகள் வழியாக 69 லட்சம் பேரின் விவரங்கள் போய்விட்டன. அவர்களில் பெரும்பாலானவர்கள் தங்கள் பக்கத்தில் எந்தத் தவறும் செய்யாதவர்கள்.

ஐம்பது தளங்களுக்கு ஐம்பது கடவுச்சொல்லை யாரும் மனப்பாடம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். எல்லாக் கடவுச்சொற்களையும் பூட்டி வைத்து நினைவில் வைத்துக்கொள்ளும் கீபாஸ், பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் மேலாளர் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் உள்ளேயே அந்த வசதி இருக்கிறது. இவற்றில் இன்னொரு நன்மை, உலாவியில் தளத்தின் முகவரியைப் பார்த்த பிறகே அவை கடவுச்சொல்லை நிரப்பும். உங்கள் வங்கியைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளத்தில் அவை நிரப்ப முன்வராது. கணினி பழகாத அம்மா அப்பாவுக்கு ஒரு நோட்டுப் புத்தகமே போதும். வீட்டு அலமாரியில் இருக்கும் நோட்டை வெளிநாட்டில் இருக்கும் திருடன் படிக்க முடியாது.

மேலாளரைத் திறக்க ஒரு பெரிய கடவுச்சொல் வேண்டும். தெரிந்த பாட்டு வரி, செய்யுள் அடி வேண்டாம். அவையும் பட்டியல்களில் ஏறிவிடுகின்றன. தொடர்பே இல்லாத ஐந்தாறு சொற்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுங்கள். பகடை உருட்டி எடுக்கும் முறையில் 7,776 சொற்கள் கொண்ட பட்டியல் பயன்படுகிறது, ஐந்து பகடை வீச்சுக்கு ஒரு சொல். நீங்களாகவே யோசித்தால் மனம் தொடர்புள்ள சொற்களைத்தான் எடுக்கும்.

முதலில் மாற்ற வேண்டியது மின்னஞ்சல் கணக்கு, ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் அதன் வழியாக மாற்றிவிடலாம். அதில் கடவுச்சொல்லோடு கைபேசிக் குறியீடு போன்ற இன்னொன்றையும் கேட்கும் இரண்டாவது அடையாளச் சோதனையையும் போட்டுவிடுங்கள். அப்புறம் வங்கி. மீதியை அந்தந்தத் தளத்துக்கு அடுத்த முறை போகும்போது மாற்றினால் போதும். மாதாமாதம் மாற்றிக்கொண்டே இருக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள் என்று 2017இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது.

உங்கள் பழைய கடவுச்சொல் ஏற்கெனவே கசிந்ததா என்று பார்க்க, ஆஸ்திரேலியாவின் டிராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் ஒரு வசதி உண்டு. அங்கே கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யச் சொன்னால் தயக்கம் வருவது நியாயம்தான். ஆனால் அந்தச் சொல் உங்கள் உலாவியை விட்டு வெளியே போவதில்லை. உலாவியே ஷா-1 ஹாஷ் செய்து, 40 எழுத்துகளில் முதல் 5ஐ மட்டும் அனுப்புகிறது. அந்த ஐந்தில் தொடங்கும் கசிந்த ஹாஷ்கள் எல்லாவற்றையும் தளம் திருப்பி அனுப்பும். உங்களுடையது அதில் இருக்கிறதா என்று உலாவியே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும். இல்லை என்று பதில் வந்தால், இதுவரை அவர்களிடம் வந்து சேர்ந்த கசிவுகளில் இல்லை என்பது மட்டுமே பொருள். அதற்காக அதை இரண்டாவது தளத்தில் கொடுத்துவிடாதீர்கள்.