பின்கால் இல்லாத நாற்காலி வீட்டுக்கு ஆகுமா?

எஃகுக் குழாயை வளைத்து, பின்பக்கம் கால் எதுவும் வைக்காமல் செய்த நாற்காலியைப் பார்த்ததும் வருகிற முதல் சந்தேகம், உட்கார்ந்தால் பின்னால் சாய்ந்துவிடுமோ என்பது. சாயாது. உட்கார்பவரின் எடை முன்கால் வழியாக இறங்கி, தரையோடு படிந்திருக்கும் அடிக்குழாய்க்குப் போகிறது. அந்த அடிக்குழாய் முதுகுச் சாய்மானத்துக்குக் கீழே வரை நீள்வதால், எடை விழும் இடம் அதன் எல்லைக்குள்ளேயே இருக்கும். இது கவிழ்வதென்றால் முன்பக்கமாகத்தான் கவிழும். மின்விசிறியைத் துடைக்க இருக்கையின் முன் விளிம்பில் ஏறி நின்று கொஞ்சம் முன்னால் எட்டினால் போதும், அடிக்குழாயின் பின்பகுதி தரையை விட்டு எழும்பிவிடும். அந்த வேலைக்கு ஸ்டூல்தான் சரி.

உண்மையான சோதனை, இருக்கைக்குழாய் முன்காலாகத் திரும்பும் முன் வளைவில் இருக்கிறது. டச்சுக் கட்டடக் கலைஞர் மார்ட் ஸ்டாம் 1926-ல் எரிவாயுக் குழாய்த் துண்டுகளையும் மூட்டுகளையும் இணைத்து இந்த வடிவத்தை முதலில் செய்து பார்த்தார். 1927-ல் ஸ்டுட்கார்ட் நகரின் வைசன்ஹோஃப் வீட்டுக் கண்காட்சியில் அவருடைய நாற்காலியும் ஜெர்மன் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவுடையதும் இடம்பெற்றன. ஸ்டாமின் நாற்காலி விறைப்பானது. எஃகின் துள்ளலை வேண்டுமென்றே பயன்படுத்தியவர் மீஸ். மறு ஆண்டே வடிவமைப்பாளர் மார்செல் பிராயர் மரச்சட்டத்தில் பிரம்புப் பின்னலைப் பொருத்தி, குழாயோடு சேர்த்தார். இன்று கடைகளில் அதிகம் நகல் எடுக்கப்படுவது அந்த வடிவம்தான்.

நகலில் என்ன குறையும் என்பது கணக்குப் போட்டால் தெரியும். 70 கிலோ எடை, முன்காலிலிருந்து 28 செ.மீ. பின்னால் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்த எடை இருபக்கக் குழாய்களுக்கும் பிரிந்தால், ஒவ்வொரு வளைவும் தாங்க வேண்டிய திருப்புவிசை சுமார் 96 நியூட்டன் மீட்டர். 25 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. சுவர்த் தடிமனும் (14 கேஜ்; கேஜ் எண் கூடக்கூடத் தடிமன் குறையும்) உள்ள குழாயில் இது ஏறக்குறைய 125 மெகாபாஸ்கல் தகைவை, அதாவது எஃகுக்குள் எழும் இழுப்பை, உண்டாக்கும். சாதாரண மைல்ட் ஸ்டீல் 250 வாக்கில்தான் நிரந்தரமாக வளையும். அதாவது பாதிக்குப் பாதி இடம் இருக்கிறது. ஆனால் யாரும் மெதுவாக மட்டுமே உட்காருவதில்லை. தொப்பென்று உட்கார்ந்தால் விசை இருமடங்காகும். 125 என்பது 250 ஆகி, விளிம்புக்கு வந்து நிற்கும்.

இதே நாற்காலியை 1.2 மி.மீ. (18 கேஜ்) குழாயில் செய்தால் என்ன ஆகும்? பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. தகைவு மட்டும் சுமார் 190-க்கு ஏறும், தொப்பென்று உட்கார்ந்தால் சுமார் 380. ஒரே நாளில் முறியாது. மாதக்கணக்கில் இருக்கை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்பக்கம் தாழ்ந்து, ஒருநாள் நான்கில் ஒரு நாற்காலி மட்டும் வரிசையிலிருந்து விலகித் தெரியும். உட்காரும்போது பாதம் வழியாகத் தரைக்குப் போகும் எடையை இந்தக் கணக்கில் கழிக்கவில்லை, உண்மைதான். ஆனால் நம் வீடுகளில் நாற்காலியிலும் சம்மணம் போட்டு உட்காருகிறோம். அப்போது முழு எடையும் இருக்கைக்குத்தான்.

ஆகவே வாங்கும்போது விலைக்கு முன் கேஜைக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால், அளவில் ஒத்த இரண்டு நாற்காலிகளைத் தூக்கிப் பாருங்கள். மெல்லிய குழாய் கையிலேயே தெரியும். அடுத்தது வளைவு. குழாயை வளைக்கும்போது வெளிச்சுவர் இழுபட்டு மெலிகிறது, உட்சுவர் நெருக்கப்பட்டுச் சுருங்குகிறது. உள்ளே மணலோ, சுவரைத் தாங்கும் தண்டோ வைக்காமல் அவசரமாக வளைத்தால், இளநீர் ஸ்ட்ராவை மடக்கியதுபோல அந்த இடம் தட்டையாகிவிடும். அதிக விசை வருகிற இடமே அதிக பலவீனமான இடமாகிறது. வளைவின் உட்புறத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். சுருக்கம் தட்டுப்பட்டால் வேண்டாம். 25 மி.மீ. குழாய்க்கு வளைவின் ஆரம் 75 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பது நல்லது.

இந்த நாற்காலியின் சுகம் இருக்கை வளைவதால் வருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். மேலே சொன்ன 14 கேஜ் குழாயில், இருக்கைக்குழாய் வளைந்து இறங்குவது 1.3 மி.மீ. மட்டுமே. முன்கால் பின்னோக்கி வளைவதால் இறங்குவது 6 மி.மீ. உடம்பு உணரும் துள்ளலில் பெரும்பங்கு அந்த முன்காலுடையது. அதனால்தான் ‘உறுதிக்காக’ முன்கால்களுக்கு நடுவே குறுக்குக்கம்பி பற்றவைத்த உள்ளூர் நகல்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. கம்பி ஒரு காலை இன்னொன்றோடு கட்டுகிறது, முன்பின் வளைவைத் தடுப்பதில்லை. ஆனால் அந்தப் பற்றவைப்பு வளைவை ஒட்டி இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

இனி வீட்டுச் சங்கதி. அடிக்குழாய் முழுநீளமும் தரையை ஒட்டிக் கிடப்பதால், தினமும் ஈரத்துணியால் துடைக்கும் வீட்டில் துரு கீழ்ப்பக்கமிருந்தே வரும். குரோம் பூச்சு பளபளவென்று இருக்க, புஷ் (தரையில் உரசாமலிருக்க அடியில் வைக்கும் குமிழ்) மாட்டிய திருகுத்துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய்க் குழாயை உள்ளிருந்து அரிக்கும். கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம். புஷ் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள், டைல்ஸுக்கும் அதுதான் பாதுகாப்பு. சட்டகம் ஆடும் இயல்புடையது என்பதால் இருக்கைத் திருகுகள் தானாகவே தளரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முறுக்க வேண்டும். பிரம்பு இருக்கையில் முழங்காலை ஊன்றக்கூடாது. தொய்ந்தால், அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து நிழலில் உலரவிட்டால் ஓரளவு இறுகும்.

பிளாஸ்டிக்கில் இதே துணிச்சலைக் காட்டியவர் டென்மார்க்கின் வெர்னர் பான்டன். ஒரே துண்டாக, ‘S’ வடிவில் அவர் வடிவமைத்த நாற்காலியை வித்ரா நிறுவனம் 1967-ல் வெளியிட்டது. முதலில் கண்ணாடியிழை சேர்த்த பாலியெஸ்டர், 1968-ல் கெட்டியான பாலியூரித்தேன் நுரை. விலையைக் குறைக்க 1971-ல், உருக்கி அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும் லூரான் எஸ் என்ற பிளாஸ்டிக் வந்தது. ஒவ்வொருமுறை உட்கார்ந்து எழும்போதும் முன் வளைவின் வெளிப்பரப்பு இழுபட்டுத் தளர்கிறது. அதற்காக அடியில் விலாக்கள் கொடுத்தும் பொருள் காலப்போக்கில் முதுமையடைந்து உடைந்தது. 1979-ல் உற்பத்தி நின்றது. 1983-ல் நுரைக்கே திரும்பினார்கள். 1999-ல்தான் பாலிப்ரொப்பிலீனில் வெளிவந்தது. எண்ணெய் பாட்டில் மூடியின் கீல் எத்தனை முறை மடக்கினாலும் அறாததற்கும் இந்தப் பொருள்தான் காரணம். வடிவம் அப்படியே இருக்க, அதற்கேற்ற பொருளைத் தேட முப்பதாண்டு பிடித்திருக்கிறது. பால்கனி வெயிலில் மட்டும் நிரந்தரமாக வைக்காதீர்கள். புற ஊதாக்கதிர் பாலிப்ரொப்பிலீனையும் நொறுங்கவைக்கும்.

பின்கால் இல்லாத இன்னொன்றான, டச்சு வடிவமைப்பாளர் ஹெரிட் ரீட்வெல்டின் 1934 ‘ஜிக்ஜாக்’ நாற்காலி வேறு கதை. நான்கு மரப்பலகைகள், மூலைகளில் ஆப்பும் போல்ட்டும். மழைக்காலத்தில் ஊறி வெயிலில் சுருங்கும் மரத்தில் அந்த இணைப்புகள் தளரும். சாப்பாட்டு மேசைக்கு ஆறு வாங்கலாம் என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்பேன். வரவேற்பறை மூலைக்கு ஒன்று போதும். தினப்புழக்கத்துக்கு 14 கேஜ் குழாய் நாற்காலிதான் என் தேர்வு.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். நாற்காலியைச் சமமான தரையில் வைத்து, இருக்கையின் பின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் அதிக எடையுள்ளவர் ஐந்தாறு முறை நன்றாக உட்கார்ந்து எழட்டும். மறுபடி அளக்கும்போது 2 மி.மீ. குறைந்திருந்தாலும் குழாய் வளைந்துவிட்டது என்று பொருள். அதைத் திருப்பி நிமிர்த்தினால் இன்னும் பலவீனமாகும்.