ஆஞ்சைனா: நெஞ்சுவலியா, நெஞ்சு நெரிப்பா?

வேலூரில் சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள லாட்ஜ்களிலும் டீக்கடைகளிலும் இரண்டு சொற்கள் அடிக்கடி காதில் விழும். "அப்பாவுக்கு ஆஞ்சியோ எடுக்கணும்னு சொல்லிட்டாங்க" என்பார் ஒருவர். "அவருக்கு ஆஞ்சைனாவாம்" என்பார் இன்னொருவர். ஒலி நெருங்கி இருப்பதால் இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்று தோன்றும். அப்படி இல்லை. ஆஞ்சியோ என்பது கலம், நாளம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. ஆஞ்சியோகிராம் என்றால் இரத்தக் குழாயின் படம். ஆஞ்சைனா லத்தீன் சொல். அதற்குப் பின்னால் நிற்கும் கிரேக்கச் சொல்லுக்குக் கழுத்தை நெரித்தல் என்று பொருள். முன்னது மருத்துவர் செய்யும் பரிசோதனை. பின்னது, இதயத்துக்கு இரத்தம் போதாதபோது நோயாளி தன் நெஞ்சில் உணர்வது.

தொடக்கத்தில் ஆஞ்சைனா என்றால் தொண்டை நோய்தான். தொண்டை வீங்கி மூச்சை நெரிப்பதை அப்படி அழைத்தார்கள். ஸ்பானிய மொழியிலும் ரஷ்ய மொழியிலும் இன்றும் இந்தச் சொல் தொண்டை அழற்சியையே குறிக்கிறது. அதை மார்புக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் ஹெபர்டன் என்ற லண்டன் மருத்துவர். நடக்கும்போது, அதுவும் மேட்டில் ஏறும்போது, சாப்பிட்டவுடன் நடந்தால் இன்னும் கூடுதலாக, மார்பில் ஒரு பிடிப்பு வருகிறது. நின்றால் போய்விடுகிறது என்று 1768இல் மருத்துவர்கள் சபையில் ஒரு கட்டுரை வாசித்தார். அது 1772இல் அச்சாயிற்று. நெரிக்கும் உணர்வும் கூடவே வரும் பதற்றமும் சேர்ந்ததால் 'மார்பின் ஆஞ்சைனா' என்று பெயர் வைத்தார். படுக்கையருகே நின்று நோயாளி சொன்னதைக் கவனமாகக் கேட்டு எழுதிய விவரணை அது. இன்றைய மருத்துவ மாணவர் படித்தாலும் திருத்த அதிகம் இருக்காது.

ஆனால் காரணம் இதயத் தமனிகளில் இருக்கிறது என்பது ஹெபர்டனுக்குத் தெரியாது. அதை ஊகித்தவர்களில் ஒருவர் பெரியம்மைத் தடுப்பூசி தந்த எட்வர்ட் ஜென்னர். இறந்தவர் ஒருவரின் இதயத்தை அறுத்தபோது கத்தி ஏதோ கரகரப்பான பொருளில் பட்டது. பழைய கூரையிலிருந்து காரை உதிர்ந்து விழுந்துவிட்டதோ என்று அண்ணாந்து பார்த்தாராம். பிறகுதான் தெரிந்தது, இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயே எலும்புபோல் இறுகிக் கிடந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பத்திரிகைகளில் பெரும்பாலும் நெஞ்சுவலி. எளிய சொல்தான், ஆனால் எனக்கு இதில் பெரிய குறை தெரிகிறது. இந்த நோயில் பலருக்கு வருவது வலியே அல்ல. நெஞ்சை அடைக்குது, அழுத்துது, பிசையுது, கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்குது என்கிறார்கள். தாடையும் இடது கையும் கடுக்கிறது என்பவர்கள் உண்டு. அவர்களிடம் "நெஞ்சுவலி இருக்கா?" என்று கேட்டால் "வலியெல்லாம் இல்லைங்க" என்று உண்மையாகவே பதில் சொல்வார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். வீட்டில் அதற்கு வாயுப் பிடிப்பு என்று பெயர் வைத்து சோடா வாங்கிக் கொடுப்பார்கள். பெண்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் வெறும் மூச்சிரைப்பாகவோ களைப்பாகவோ இது வரலாம் என்பதால் இந்த இழப்பு அவர்களுக்கே அதிகம்.

ஆராய்ச்சியாளர்கள் இதை முன்பே கவனித்திருக்கிறார்கள். ஜெஃப்ரி ரோஸ் 1962இல் வெளியிட்ட கேள்வித்தாள் உலகம் முழுக்க இதய நோய்க் கணக்கெடுப்புகளில் பயன்படுகிறது. அதில் வலி உண்டா என்பதோடு நிற்காமல் அழுத்தமோ பாரமோ உண்டா என்றும் கேட்பார்கள். மேட்டில் ஏறும்போது வருகிறதா, அவசரமாக நடந்தால் வருகிறதா, நின்றால் பத்து நிமிடத்துக்குள் அடங்குகிறதா என்பது அடுத்தடுத்த கேள்விகள். சோளிங்கர் நரசிம்மர் மலையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை நினைத்துக்கொண்டால் நம் பக்கத்து மனிதருக்குக் கேள்வி உடனே புரியும்: போன வருஷம் நிற்காமல் ஏறிய படியில் இந்த வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டி வந்ததா? இந்தக் கேள்வித்தாளையும் ஈசிஜியையும் வைத்து வேலூர் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் 1991-94இல் ஒருமுறையும் 2010-12இல் மறுமுறையும் சி.எம்.சி. ஆய்வு நடத்தியது. இரண்டாம் முறை நகரத்துப் பெண்களிடம் நோய் வெகுவாகக் கூடியிருந்தது. ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி பல ஆஞ்சைனா நோயாளிகளிடம் இயல்பாகவே இருக்கும் என்பதால், அவர்கள் வாயால் சொல்வதற்கு இவ்வளவு எடை.

சிகிச்சை ஆய்வுகளிலும் இதே நிலைதான். 2017இல் வந்த ஆர்பிட்டா ஆய்வில் 200 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஸ்டென்ட், அதாவது குறுகிய குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழல், வைத்தார்கள், மறுபாதிக்கு வைத்ததுபோல் மட்டும் செய்தார்கள். எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. எல்லோரும் மாத்திரையும் நன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் நடக்கும் நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2023இல் ஆர்பிட்டா-2: ஆஞ்சைனா மாத்திரைகளை நிறுத்திவிட்டு அதேபோல் சோதித்தபோது ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தொல்லை தெளிவாகக் குறைந்தது. அங்கே முக்கிய அளவுகோல், நோயாளிகள் தினமும் கைப்பேசியில் பதிந்த 'இன்று வந்ததா' என்ற குறிப்பு. அந்தப் பதிவில் 'வலி' என்ற சொல்லை மட்டும் வைத்துத் தமிழரிடம் கேட்டால் கணக்கே மாறிவிடக்கூடும்.

ஆகவே என் தேர்வு நெஞ்சு நெரிப்பு. மார்நெரிப்பு என்றும் சேர்த்து எழுதலாம், பேச்சுக்கு முன்னதே எளிது. கூட்ட நெரிசல், கழுத்தை நெரித்தல் என்று நெரி என்ற வினை எல்லோர் வாயிலும் இருக்கிறது. மூலச் சொல்லின் பொருளும் அதுவே. நெஞ்சிறுக்கம் என்பதும் நல்ல சொல்தான், ஆனால் ஆஸ்துமாக்காரர்களும் தங்கள் தொல்லையை அப்படித்தான் சொல்கிறார்கள்.

மாரடைப்பை இதற்குப் பதிலாக எழுதக் கூடாது. நெரிப்பில் குழாய் குறுகியிருக்கிறது, உழைப்புக்குத் தேவையான இரத்தம் போதவில்லை. நின்றாலோ, நாக்குக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையாலோ அடங்கும். மாரடைப்பில் பெரும்பாலும் குழாய் திடீரென்று அடைபட்டு இதயத் தசை சாகத் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதை நிலையற்ற நெஞ்சு நெரிப்பு எனலாம். புதிதாக வருவது, அடிக்கடி வருவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வருவது எல்லாம் அதில் சேரும். அதற்குச் சோடாவும் வேண்டாம், காலைவரை காத்திருக்கவும் வேண்டாம். உடனே 108ஐ அழைக்க வேண்டும்.