டிஜே இரவுக்குப் பொலிஸ் அனுமதி மட்டும் போதுமா?

யாழ்ப்பாணத்தில் டிஜே வைத்து நிகழ்ச்சி நடத்துபவரிடம் "அனுமதி எல்லாம் எடுத்தாச்சோ?" என்று கேட்டுப் பாருங்கள். "ஓம், பொலிஸில எடுத்தாச்சு" என்று ஒரு தாளைக் காட்டுவார். பெரும்பாலும் அது ஒலிபெருக்கிக்கான அனுமதிப்பத்திரமாக இருக்கும். மது பரிமாறுவதற்கும் டிக்கெட் விற்பதற்கும் அந்தத் தாளுக்கும் சம்பந்தமில்லை. சத்தத்துக்கு மட்டும்தான் அது செல்லும், அதுவும் நிபந்தனையோடு.

முதலில் சத்தத்தைப் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலான பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80 ஆம் பிரிவு ஒலிபெருக்கிக்கு அனுமதிப்பத்திரம் கேட்கிறது. ஆனால் இன்று நடைமுறையைத் தீர்மானிப்பது உயர் நீதிமன்றம் 2007 நவம்பர் 9 அன்று கொடுத்த கட்டளை. வெலிகமையில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த வழக்கு அது. பாங்கோசையில் தொடங்கிய வழக்கு, கோயில் திருவிழா, கலியாண வீடு, டிஜே இரவு என்று நாடு முழுவதற்கும் பொருந்தும் விதியாக முடிந்தது.

அந்தக் கட்டளைப்படி, இரவு 10 மணியிலிருந்து மறுநாள் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது. காலை 6 முதல் இரவு 10 வரை குறிப்பிட்ட நோக்கத்துக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் கொடுக்கலாம். "பத்து மணி வரைக்கும் எவ்வளவும் போடலாம்" என்று நம் ஆட்கள் சொல்வது சரியல்ல. பகலில் கொடுக்கும் அனுமதிக்கும், சத்தம் அந்த வளவின் எல்லையைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனை உண்டு.

விசேட சமய நிகழ்வுகளுக்கும் வேறு விசேட நிகழ்வுகளுக்கும் இரவு நேரத்தில் விலக்குக் கிடைக்கலாம். அதற்கு அந்தப் பகுதியின் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அயலில் குடியிருப்பவர்களிடம் விசாரித்து, அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்த பிறகே அனுமதி கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டில் ஏ.எல். சோதனைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் அந்தத் தாய் சொல்வதும் அந்தப் பதிவில் ஏற வேண்டும். ஆகவே பின்னிரவு வரை நடத்த நினைப்பவர் பொலிஸ் நிலையத்துக்குப் போவதற்கு முன் அயல் வீடுகளுக்குப் போய் ஒரு வார்த்தை கதைப்பது புத்தி. சட்டம் உங்களிடம் அதைக் கேட்கவில்லைதான். ஆனால் விசாரணைக்கு வருகிற பொலிஸிடம் அந்த வீட்டார் என்ன சொல்வார்கள் என்பது அந்தக் கதையில்தான் இருக்கிறது.

இந்த "எல்லை தாண்டக் கூடாது" என்பது டிஜேக்காரருக்குப் பெரிய சோதனை. பாட்டின் குரல் மதிலோடு நின்றுவிடும், பேஸ் என்ற அடித்தொனி நிற்காது. திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ வீடுகளுக்கு நடுவே இருக்கும் மண்டபத்தில் பெரிய பேஸ் பெட்டி நாலை அடுக்கினால், பின் வீட்டுக் கராஜின் தகரம் அதிரத்தான் செய்யும். கட்டளையை எழுத்துக்கு எழுத்து வாசித்தால் அந்த இடத்திலேயே நிபந்தனை மீறப்பட்டுவிட்டது. பெட்டிகளை வீடுகள் இல்லாத பக்கம் திருப்புவது, பேஸைக் குறைப்பது, கதவைச் சாத்துவது எல்லாம் சவுண்ட்காரருக்குத் தெரியும். முன்கூட்டியே சொல்லி வைத்தால் செய்வார்.

யாராவது முறைப்பாடு செய்தால் என்ன நடக்கும்? இதையும் அதே கட்டளை படிப்படியாகச் சொல்கிறது. முறைப்பாடு கிடைத்ததும் பொலிஸ் உடனே வந்து பார்க்க வேண்டும். அனுமதிப்பத்திரம் இருந்தாலும் சத்தத்தை நிறுத்தி, பொறுப்பானவரை எச்சரிக்க வேண்டும். எச்சரிக்கைக்குப் பிறகும் சத்தம் வந்து இரண்டாவது முறைப்பாடு போனால் அனுமதி இரத்து. ஒலிபெருக்கி, அம்பிளிபயர் எல்லாம் பொலிஸ் பொறுப்பில் போகும், நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு வரும். அனுமதியே எடுக்காதவருக்கு இந்த எச்சரிக்கைப் படி கிடையாது. நேராகச் சத்தத்தை நிறுத்தி, பொருட்களைக் கொண்டுபோகலாம்.

சத்தத்தால் தூக்கம் கெட்ட அயலவருக்கும் இதே படிகள்தான் உதவும். 119க்கோ பொலிஸ் நிலையத்துக்கோ அழைத்து, நேரத்தைக் குறித்து வையுங்கள். முதல் அழைப்பிலேயே எல்லாம் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எச்சரித்த பிறகும் தொடர்ந்தால் மறுபடி அழைக்க வேண்டும். ஒரே மண்டபம் வாரா வாரம் தொல்லை கொடுத்தால், பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்தில் கட்டளை கேட்கவும் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் வழி இருக்கிறது.

அடுத்தது மது. அது மதுவரித் திணைக்களத்தின் விஷயம், 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. உரிமம் உள்ள ஹோட்டலில் நிகழ்ச்சி வைத்தால், அந்த உரிமத்தில் உள்ள இடமும் நேரமும் உங்களுக்கும் எல்லை. வெறும் மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவர் உரிமம் இல்லாமல் மது விற்க முடியாது. "டிக்கெட்டோடு ஒரு பியர் இலவசம்" என்று போடுவதும் உதவாது. போத்தலின் விலையை டிக்கெட் காசுக்குள் ஒளித்தாலும் அது விற்பனைதான். போயா (பௌர்ணமி) தினத்தில் உரிமம் உள்ள இடமும் மது விற்க முடியாது. வெள்ளி சனி பார்த்துத் திகதி குறிப்பவர்கள் போயாவைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டமும் இங்கே வரும். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது. 18 ஆனால் போதும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே நிறைய. மதுக் கம்பனி அனுசரணை வாங்கி, அதன் பெயரைப் பனரிலும் முகநூல் போஸ்டரிலும் போடுவதும் அதே சட்டத்தில் குற்றம். மூடிய பொது இடத்துக்குள் புகைப்பதற்கும் தடை உண்டு.

காசு வாங்கி உள்ளே விட்டால் களியாட்ட வரி. அது உள்ளூராட்சி சபைக்குப் போவது. மாநகர சபை எல்லைக்குள் என்றால் யாழ்ப்பாணம் மாநகர சபை, எல்லை தாண்டினால் நல்லூர் போன்ற பிரதேச சபை. டிக்கெட்டை விற்கத் தொடங்கும் முன்பே சபைக்குப் போய் இந்த அலுவலை முடித்துவிடுவது நல்லது.

கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 பெப்ரவரி 9 இரவு முற்றவெளியில் நடந்த ஹரிஹரன் இசை நிகழ்ச்சியில் மக்கள் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும், நிகழ்ச்சி இடையில் நின்றதும் இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பெரிய கூட்டம் வருமென்றால் எத்தனை வாசல், எத்தனை தொண்டர், அம்புலன்ஸ் எந்த வழியால் போகும் என்பதைப் பொலிஸோடு முன்கூட்டியே கதைத்து வையுங்கள்.

ஆட வந்த பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. ஆடுவது குற்றமல்ல. பொலிஸ் உள்ளே வருவது பெரும்பாலும் போதைப்பொருள் சந்தேகத்தில் அல்லது சத்த முறைப்பாட்டில். ஐஸ் என்ற போதைப்பொருள் விஷயத்தில் சட்டம் மிகக் கடுமையானது. நண்பனுடைய பொட்டலத்தைப் பொக்கெட்டில் வைத்திருந்தேன் என்ற கதை நீதிமன்றத்தில் எடுபடுவது கடினம். அதே நேரம் பொலிஸுக்கும் எல்லை உண்டு. பெண்ணைச் சோதனையிடுவதானால் பெண்தான், கண்ணியத்தோடு செய்ய வேண்டும். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். அது அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை. சாதாரண சட்டத்தின் கீழ் கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கலாம். விளங்காத மொழியில் எழுதிய தாளில், வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

எல்லை மீறி நடந்தார்கள் என்றால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவாகப் போவதானால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

கடைசியாக, வாடகைக்கு எடுத்த சவுண்ட் செட். பொலிஸ் கொண்டுபோனால் அது வழக்குச் சான்று. உரிமையாளர் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்துத்தான் அதைக் கேட்க வேண்டும், மண்டபக்காரரோ டிஜேயோ கேட்டுப் பயனில்லை. அடுத்த கிழமைக் கலியாணத்துக்கு அதே செட்டைக் கொடுப்பதாக ஏற்கனவே முற்பணம் வாங்கியிருப்பார். அனுமதி எடுக்கும் பொறுப்பு யாருடையது, செட் பிடிபட்டால் நட்டம் யாருடையது என்பதை முற்பணம் கைமாறும்போதே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள்.